தனியா வாழணும்னு முடிவு பண்ணிட்டீங்களா? அப்ப மொதல்ல நாலு ஆளைப் பிடிங்க

தனியா போய் இருக்கப் போறேன்னு வீட்ல சொன்னப்ப எங்க சித்தி கேட்ட மொத கேள்வி "யாரு மேலடி கோவம்?"னுதான். அண்ணி முகம் சுண்டிப்போச்சு, தன்னைத்தான் சொல்றேனோன்னு. அம்மா ஒண்ணும் கேக்கல, எந்திரிச்சு அடுப்படிக்குப் போய்ட்டாங்க. எனக்கு அப்ப 42 வயசு. கல்யாணம் வேணாம்னு முடிவு பண்ணி பல வருஷம் ஆயிருச்சு, அப்பாவ கடைசி ஆறு வருஷம் கூடவே இருந்து பாத்துக்கிட்டது நான்தான், அவர் போனப்புறம் ஆரணியில அண்ணன் வீட்டு மாடி ரூம்ல உக்காந்து சில கடைங்களுக்கு ஜிஎஸ்டி கணக்கு எழுதிக்கிட்டு இருந்தேன். சத்தியமா யார் மேலயும் கோவம் இல்ல. வீட்ல எல்லாரும் தூங்கினப்புறம் ராத்திரி பதினோரு மணிக்கு மொட்டமாடியில போய் உக்காருவேன், அந்த முக்கா மணி நேரம்தான் எனக்கு அன்னைக்குப் பொழுது விடிஞ்ச மாதிரி இருக்கும். ஒரு நாளைக்கு முக்கா மணி நேரம்தானா நமக்கு, அப்படின்னு தோணுச்சு. அவ்ளோதான் காரணம்.

திருவண்ணாமலைக்கு வந்து இப்ப ஏழு வருஷம். என்கிட்ட கேக்கறவங்கள்ல பாதி பேரு "ஏன்"னு கேப்பாங்க, மீதி பேரு குரல தணிச்சு "எப்படி"ன்னு கேப்பாங்க. ஏன்னு கேக்கறவங்களுக்கு கொஞ்சமாவும் எப்படின்னு கேக்கறவங்களுக்கு விவரமாவும் எழுதறேன்.

ஏன்

இந்த ஊர்ல நான் பாத்த தனி ஆளுங்க ஒரே ரகம் கிடையாது. சாமியாருங்கள விடுங்க, அது வேற கணக்கு. எங்க தெருக்கோடியில ரிட்டயர் ஆன ஒரு பெரியவர் இருக்காரு, சம்சாரம் போனப்புறம் பசங்க ரெண்டு பேரும் மாத்தி மாத்தி கூப்பிட்டும் போகல. காலைல நாலு மணிக்கு எந்திரிச்சு தானே காபி போட்டு குடிக்கணுமாம், மருமக வீட்ல அந்த நேரத்துக்கு டம்ளர் சத்தம் கேட்டா யாராவது எந்திரிச்சு வந்துருவாங்களாம், அந்த சங்கடம் வேணாம்ங்கறாரு. இன்னொரு அம்மா, 28 வருஷம் கூட்டுக்குடும்பத்துல பதிமூணு பேருக்கு ஆக்கிப் போட்டவங்க, வீட்டுக்காரர்கிட்ட சண்டை எதுவும் இல்ல, வருஷத்துல ஆறு மாசம் இங்க வந்து ஒத்தையா இருந்துட்டு போவாங்க. மத்தியானம் பசிக்கலன்னா அவங்க சமைக்கறதில்ல. அத சொல்லும்போது அவங்க மூஞ்சியப் பாக்கணும், லாட்டரி அடிச்ச மாதிரி இருக்கும். தியானம் கிரிவலம்னு வர்றவங்க இருக்காங்க, எழுதறதுக்கு படம் வரையறதுக்குன்னு வர்றவங்க இருக்காங்க, அப்புறம் என்ன மாதிரி, கூட்டம் ஒத்துக்காத ஜென்மங்க, ஒரு கல்யாணத்துக்குப் போய்ட்டு வந்தா ரெண்டு நாளு போனை ஓரமா வச்சுட்டு சுவரைப் பாத்து படுத்துக்கணும்.

இவங்க யாருக்கும் மனுஷங்களப் பிடிக்காம இல்ல. ஆனா இன்னொரு ரகம் இருக்கு, அடிபட்டு வர்றவங்க. வீட்ல சண்ட, பார்ட்னர் ஏமாத்திட்டான், புருஷன் சரியில்ல, இனிமே எவன் மூஞ்சிலயும் முழிக்க மாட்டேன்னு பொட்டியத் தூக்கிட்டு வந்துருவாங்க. அவங்கள தப்பு சொல்லல, சில வீட்டவிட்டு வெளிய வர்றதுதான் உயிருக்கு நல்லது. ஆனா கோவத்துல வந்த தனிமை அதிக நாள் தாங்காது, ஏன்னா அந்த ஆளு கூடவே வந்துருவான், ராத்திரி பூரா மனசுக்குள்ள அவன்கூடத்தான் வாக்குவாதம். அதனால நான் கேக்கறவங்ககிட்ட ஒண்ணே ஒண்ணுதான் சொல்லுவேன். உங்கள நோகடிச்சவங்க நாளைக்கே வந்து காலைப் பிடிச்சு மன்னிப்பு கேட்டாலும் உங்களுக்கு தனியா இருக்கணும்னு தோணுமா? தோணும்னா கெளம்புங்க. தோணாதுன்னா உங்களுக்கு வேண்டியது வேற, ஒரு வக்கீலோ கவுன்சிலரோ இல்ல ஒரு நல்ல சண்டையோ.

குகைக்கு சோறு எப்படி வந்துச்சு

இந்த ஊருக்கு வந்த புதுசுல நான் ஒரு தப்பு பண்ணேன். தனியா இருக்கறதுன்னா யார் உதவியும் இல்லாம இருக்கறதுன்னு நெனச்சேன். பக்கத்து வீட்டு அம்மா வெண்டைக்கா கொண்டாந்து குடுத்தா "வேணாங்க, இருக்குது"ன்னு கதவ பாதி மூடிட்டே சொல்லுவேன், ரொம்ப பெருமையா.

அப்புறம் ஒரு நாள், மலை மேல ரமணர் இருந்த ஸ்கந்தாசிரமத்துல உக்காந்திருந்தப்பதான் மண்டையில உறைச்சுது. ரமணர் கதை உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும், 1896 செப்டம்பர் 1-ந் தேதி, பதினாறு வயசுப் பையன், மதுரையில இருந்து வீட்டுக்குச் சொல்லாம கெளம்பி இங்க வந்து எறங்கினாரு. கோயில்ல ஆயிரங்கால் மண்டபத்துல உக்காந்தாரு, பசங்க கல்லெறியவும் கீழ பாதாள லிங்கத்துகிட்ட இருட்டுல போய் உக்காந்தாரு, பூச்சி கடிச்சு தொடையெல்லாம் புண்ணு, அது கூட தெரியாம இருந்தாராம். 1899-ல இருந்து 1916 வரைக்கும் இதே மலையில விருபாட்ச குகை. இத மட்டும் கேட்டா அய்யோ எப்பேர்ப்பட்ட தனிமைன்னு தோணும். ஆனா அந்தக் கல்லெறி பசங்கள வெரட்டினது யாரு? இதே ஊர்ல இருந்த சாமியாரு சேஷாத்ரி சுவாமிகள். வாயில சோத்த ஊட்டிவிட ஆளு இருந்துச்சு. பழனிசுவாமின்னு ஒருத்தர் கேரளாவுல இருந்து வந்தவரு, வருஷக்கணக்கா கூடவே இருந்து ஊருக்குள்ள போய் சோறு வாங்கியாந்து குடுத்தாரு. எச்சம்மாள்னு ஒரு அம்மா, புருஷன் புள்ளைங்கள எல்லாம் பறிகுடுத்துட்டு வந்தவங்க, பல வருஷம் தினமும் மலையேறி சாப்பாடு கொண்டாந்தாங்க. கடைசியில 1916-ல பெத்த அம்மாவே வந்து கூட தங்கி, கொஞ்ச நாள்ல அங்கயே அடுப்பு மூட்டிட்டாங்க. ஸ்கந்தாசிரமத்துல இருந்து கீழ பாத்தா கோயில் கோபுரமெல்லாம் கை நீட்டினா தொடலாம்போல தெரியும், ஊரு அவ்ளோ கிட்ட. குகை ஒண்ணும் ஊருக்கு வெளிய இல்ல, சோத்துத் தூக்கு வந்துபோற தூரத்துலதான் இருக்கு.

இதுக்கு நேர்மாறா ஒருத்தரு. அமெரிக்காவுல மெய்ன் மாநிலத்துல கிறிஸ்டோபர் நைட்னு ஒரு ஆளு, 1986-ல இருபது வயசுல காரை காட்டோரம் விட்டுட்டு உள்ள போனவரு 27 வருஷம் வெளிய வரல. யார் கூடவும் ஒட்டு ஒறவு இல்ல. ஆனா சாப்பாடு? பக்கத்துல ஏரிக்கரை வீடுங்கள்ல பூட்டத் தெறந்து திருடிக்கிட்டே இருந்தாரு, பேட்டரி, கேஸ், டின் சாப்பாடு, சுமார் ஆயிரம் தடவ. 2013 ஏப்ரல்ல ஒரு கேம்ப் சமையல் ரூம்ல கையும் களவுமா மாட்டினாரு. அவரு யார்கிட்டயும் எதுவும் கேக்கல, ஆனா அந்த ஊர்க்காரங்க 27 வருஷம் அவருக்கு சோறு போட்டாங்க, தெரியாமலே, பயந்துக்கிட்டே.

ஆக ஆள் எப்படியும் வேணும். கேட்டு வாங்கறீங்களா இல்ல கேக்காம வாங்கறீங்களாங்கறதுதான் விஷயம். ஔவையார் ஏகாந்தம் இனிதுன்னு சொன்னத எல்லாரும் ஸ்டேட்டஸ்ல போடறாங்க, அதே பாட்டுல ரெண்டு அடி தள்ளி அறிவுள்ளவங்களோட சேர்றது அத விட இனிதுன்னு கெழவி சொல்லிருக்கு, அத எவனும் போடறதில்ல.

மொதல்ல பதினஞ்சு நிமிஷம், அப்புறம் பதினஞ்சு நாள்

நேரா போய் அட்வான்ஸ் குடுத்துராதீங்க. போனை வேற ரூம்ல வச்சுட்டு, டிவி பொஸ்தகம் எதுவும் இல்லாம பதினஞ்சு நிமிஷம் சும்மா உக்காருங்க. சிரிக்காதீங்க. 2014-ல வர்ஜீனியா பல்கலைக்கழக ஆளுங்க இதத்தான் சோதனை பண்ணாங்க, காலி ரூம்ல பதினஞ்சு நிமிஷம் உக்காரணும், பக்கத்துல ஒரு பட்டன், அமுக்கினா கரண்ட் ஷாக். ஷாக் வேணவே வேணாம், காசு குடுத்தாவது தப்பிப்பேன்னு முன்னாடி சொன்ன ஆளுங்களே சும்மா உக்கார முடியாம அமுக்கிக்கிட்டாங்க, ஆம்பளைங்க 18 பேர்ல 12 பேரு, பொம்பளைங்க 24 பேர்ல 6 பேரு. அந்த ஆறு பேர்ல நம்ம ஒருத்தரான்னு தெரிஞ்சுக்கறது நல்லது.

அது தேறிட்டா பதினஞ்சு நாளு ஒத்திகை. வீட்ல எல்லாரும் ஊருக்குப் போற சமயமோ, ஒரு மாச வாடகை ரூமோ. டூர் மாதிரி போகாதீங்க, ஓட்டல்ல சாப்பிட்டு சுத்திப் பாத்துட்டு வந்தா அது லீவு. துணி தொவைக்கணும், சமைக்கணும், வேலை இருந்தா வேலை பாக்கணும். மொத நாலு நாள் ஜாலியா இருக்கும், நம்பாதீங்க. ஆறாம் நாள் ஏழாம் நாள் சாயந்திரம் ஒரு அஞ்சு மணி வரும் பாருங்க, வெளிச்சம் எறங்கும், தெருவுல பசங்க ஸ்கூல் விட்டு வரும், எந்த வீட்லயோ கடுகு தாளிக்கற வாசன வரும், உங்களுக்குன்னு செய்ய ஒண்ணும் இருக்காது. அந்த அஞ்சு மணிய எப்படி கழிச்சீங்கன்னு பாருங்க. எனக்கு மொத தடவ அழுக வந்துச்சு, ரெண்டாவது தடவ எந்திரிச்சு நடக்கப் போனேன், இன்னைக்கு வரைக்கும் அஞ்சு மணிக்கு வீட்ல இருக்கறதில்ல.

வீடு

தனியா இருக்கற ஆம்பளைக்கு பேச்சிலர்னு வீடு தர மாட்டாங்க, பொம்பளைக்கு ஏன்னே சொல்லாம தர மாட்டாங்க. நான் பாத்தது பதினோரு வீடு. ஒரு ஹவுஸ் ஓனரம்மா கேட்ட கேள்விய அப்படியே எழுதறேன்.

"எத்தன பேரும்மா?"

"நான் மட்டும்தாங்க."

"வீட்டுக்காரரு வெளியூரா?"

"கல்யாணம் ஆகலைங்க."

"ஓ. அப்ப அம்மா அப்பா வருவாங்களா?"

"அம்மா எப்பயாவது வருவாங்க."

"அப்ப யாரும் வரமாட்டாங்க." கொஞ்ச நேரம் யோசிச்சுட்டு, "யாராவது வருவாங்களா?"

யாரும் வரலன்னாலும் தப்பு, யாராவது வந்தாலும் தப்பு. இதுக்கு நான் கண்டுபிடிச்ச வழி, வீடு பாக்கப் போகும்போது அம்மாவையும் அண்ணனையும் கூட்டிட்டுப் போனேன். சுயமரியாதைக்கு கொஞ்சம் இடிச்சுதுதான், பரவால்ல. அண்ணன் ஓனர்கிட்ட பத்து நிமிஷம் ஆரணி பட்டு வெலை பேசினாரு, வீடு கெடச்சிருச்சு.

பாக்க வேண்டியது என்னன்னா, ஊருக்கு வெளிய தோட்டத்து நடுவுல அழகா இருக்கற வீட்டுக்கு மயங்காதீங்க. மொத தடவ தனியா இருக்கறவங்களுக்கு ஓனர் கீழயோ பக்கத்துலயோ இருக்கற வீடுதான் சரி. நடந்து போற தூரத்துல மளிகைக் கடை, மெடிக்கல் ஷாப், பஸ் ஸ்டாப்பிங். ஈபி மீட்டர் தனியா இருக்கணும், ஏன்னா ரெண்டு மாசத்துக்கு 100 யூனிட் இலவசம், ஒத்த ஆளுக்கு அதுல பெரும்பாலும் ஓடிரும், சப்-மீட்டர் வச்சு யூனிட்டுக்கு இவ்ளோன்னு வாங்கற வீட்ல அது உங்களுக்கு வராது. எங்க ஊர்ல இன்னொண்ணு, நவம்பர்ல இருந்து மார்ச் வரைக்கும் வெளிநாட்டு ஆளுங்க வர்ற சீசன், ஆசிரமம் பக்கம் செங்கம் ரோட்ல வாடகை எகிறிரும், அதனால மே, ஜூன்ல பாருங்க. பௌர்ணமிக்கு 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதை பூரா ஜனக்கடல், அந்தப் பாதை மேலயே வீடு எடுத்தா மாசம் ஒரு ராத்திரி உங்க தனிமை சந்தி சிரிச்சிரும்.

பாத்ரூம் தாழ்ப்பாள்

இத மட்டும் வாசிச்சுட்டு மத்ததெல்லாம் விட்டாலும் பரவால்ல. தனியா இருக்கறவங்க பாத்ரூம் கதவுக்கு உள்தாழ்ப்பாள் போடாதீங்க.

நான் வந்த மூணாவது மாசம், ஒரு சனிக்கிழம காலைல ஆறு மணி. குளிக்கப் போய் தாழ்ப்பாள் போட்டேன், குளிச்சு முடிச்சு இழுத்தா வரல. துருப்பிடிச்ச பழைய தாழ்ப்பாள், கம்பி வளைஞ்சு உள்ள மாட்டிக்கிச்சு. போனு ஹால்ல சார்ஜ்ல கெடக்கு. வென்டிலேட்டர் ஒசரத்துல, வாளியக் கவுத்துப்போட்டு ஏறி நின்னு கத்தினேன், அந்தப் பக்கம் காலி மனை, ஒரு மாடு நின்னு திரும்பிப் பாத்துச்சு. ஏழு மணி, எட்டு மணி. குடிக்கத் தண்ணி இருக்கு, அது ஒண்ணுதான். எனக்கு அப்ப பயத்த விட அதிகமா இருந்தது வேற ஒரு நெனப்பு, இன்னைக்கு நான் வெளிய வரலன்னா எத்தன நாள் கழிச்சு யாருக்குத் தெரியும்? அம்மா அப்பல்லாம் ஞாயித்துக்கெழம சாயந்திரம்தான் போன் பண்ணுவாங்க, எடுக்கலன்னா வேலையா இருப்பான்னு நெனப்பாங்க. செவ்வாய்க்கிழம வாக்குல சந்தேகம் வரும்.

ஒம்பதரை மணிக்கு பக்கத்து வீட்டு அம்மா மொட்டமாடிக்கு வத்தல் காயவைக்க வந்தாங்க, நான் கதவ பாதி மூடிட்டு வெண்டைக்கா வேணாம்னு சொன்னேனே, அதே அம்மா. என் சத்தம் கேட்டு அவங்க பையன் காம்பவுண்ட் ஏறிக் குதிச்சு பின்கதவ ஒடச்சு, அப்புறம் ஒரு இரும்பு ராடு வச்சு நெம்பித் தெறந்தாங்க. நான் ஈர நைட்டியோட நின்னு அழுதுட்டேன், அந்தம்மா ஒண்ணுமே கேக்காம காபி போட்டு கொண்டாந்தாங்க. இப்ப அவங்கள அக்கான்னுதான் கூப்பிடறேன், வெண்டைக்கா வாரா வாரம் வருது, வாங்கிக்கறேன்.

அன்னைக்கு சாயந்திரமே நாங்க ரெண்டு பேரும் உக்காந்து ஒரு ஏற்பாடு பண்ணோம், இன்னைக்கு வரைக்கும் நடக்குது. காலைல அஞ்சே முக்காலுக்கு பால்காரம்மா என் கேட்ல மஞ்சப்பையில ஒரு பாக்கெட் போட்டுட்டு போவாங்க. எட்டு மணிக்கு அக்கா வாசல் கூட்ட வரும்போது பை காலியா தொங்குதான்னு பாப்பாங்க. காலின்னா நான் எந்திரிச்சுட்டேன், உயிரோட இருக்கேன். பால் உள்ளயே இருந்துச்சுன்னா போன் அடிப்பாங்க, எடுக்கலன்னா கதவ தட்டுவாங்க, அப்பவும் இல்லன்னா அவங்ககிட்ட இருக்கற சாவியப் போட்டு தெறப்பாங்க. மூணாவது கட்டம் வரைக்கும் ஒரே ஒரு தடவதான் போயிருக்கு, டெங்கு வந்து தலையத் தூக்க முடியாம கெடந்தப்ப. மத்தபடி நாங்க அதிகம் பேசிக்கறது கூட இல்ல. மொபைல் ஆப், அலாரம் எதுவும் வேணாம், ஒரு மஞ்சப்பை போதும்.

அந்த மாதிரி நாலு ஆளு வேணும்னு நான் சொல்றது இதான். காலைல உங்க வாசலப் பாக்கற ஒருத்தர். சாவி வச்சிருக்கற ஒருத்தர், அது இவரே கூட இருக்கலாம். ஆஸ்பத்திரியில கையெழுத்து போட வர்ற ஒருத்தர், ஏன்னா அட்மிஷன்ல மொதல்ல கேக்கறது "அட்டெண்டர் யாரு?"ங்கற கேள்விதான், டெங்கு அன்னைக்கு ஸ்ட்ரெச்சர்ல படுத்துக்கிட்டு நானே என் அட்டெண்டர்னு சொல்லி நர்ஸ்கிட்ட வாங்கிக் கட்டிக்கிட்டேன். நாலாவது, மாசத்துக்கு ஒருக்காவாவது சிரிச்சுப் பேசற ஒருத்தர். இவங்களுக்கெல்லாம் நீங்க நல்லா இருக்கும்போதே வாய் விட்டு சொல்லி வச்சிருக்கணும். போன்ல அவங்க நம்பர் லாக் தெறக்காமலே தெரியற மாதிரி போட்டு வைங்க, 108 எல்லாருக்கும் தெரியும், பொம்பளைங்க பெண்கள் உதவி எண் 181-ஐயும் சேத்து வைங்க.

அடுப்பு

ஒத்த ஆளு சமையல்ல மொத எதிரி மிச்சம். சாம்பார் வச்சா மூணு நாளைக்கு அதே சாம்பார் மூஞ்சியப் பாக்கணும். ரெண்டாவது எதிரி சோம்பேறித்தனம், எனக்கு ஒருத்திக்கு எதுக்குன்னு பிஸ்கட் தின்னுட்டு படுக்கறது, மெதுமெதுவா அதுதான் ஆள முடிக்கும். நான் பண்றது, புளிக்காய்ச்சல், பருப்புப் பொடி, வத்தக்குழம்பு மூணும் ஞாயித்துக்கெழம பண்ணி வச்சுக்குவேன், தெனம் அரை டம்ளர் அரிசி, ஒரு காயோ கீரையோ. மாவு அரைக்க மாட்டேன், கடையில கால் படி வாங்கினா ரெண்டு வேளை. கேஸுக்கு 14.2 கிலோ சிலிண்டர் எனக்கு நாலு மாசம் வருது, அதையே மாடிப்படி ஏத்த ஆளு கெடைக்கலன்னா 5 கிலோ சின்ன சிலிண்டரும் கெடைக்குது. சாப்பிடறத தட்டுல போட்டு உக்காந்து சாப்பிடுங்க, வாணலியோட நின்னுக்கிட்டே தின்னாதீங்க. யாரும் பாக்கலதான், நீங்க பாக்கறீங்கல்ல.

உப்பு, புளி, மொளகா இதுல தீந்துபோற நெலம வச்சுக்காதீங்க. ரஷ்யாவுல சைபீரியாக் காட்டுக்குள்ள லைகோவ்னு ஒரு குடும்பம், மதத்துக்காக 1936-ல ஊர விட்டு ஓடிப்போய் ஒளிஞ்சவங்க, 1978-ல நெலத்தை ஆராய வந்த ஆளுங்க கண்ணுல படற வரைக்கும் வேத்து மனுஷங்களே தெரியாம இருந்தாங்க. ரெண்டாவது உலகப்போர் நடந்ததே தெரியாது. வந்தவங்க என்னென்னமோ குடுத்தாங்க, எதையும் தொட மாட்டேன்னுட்டாங்க, உப்பு மட்டும் வாங்கிக்கிட்டாங்க. நாப்பது வருஷத்துக்கும் மேல உப்பில்லாம இருந்தது சித்ரவதைன்னு அந்த அப்பா சொல்லிருக்காரு. எங்க ஊர் அண்ணாச்சி கடை ராத்திரி பத்து வரைக்கும் தெறந்திருக்கும்போது நமக்கு என்ன கேடு, ஒரு பாக்கெட் கூடுதலா வாங்கி வைங்க.

காசு

தனியா இருக்கறது மலிவுன்னு நெனச்சு வராதீங்க. வாடகை, நெட்டு, பிரிட்ஜு, எதையும் பங்கு போட ஆளில்ல. எனக்கு மாசம் 17,000, 18,000 ஆகுது, அதுல வாடகை மட்டும் 7,000. வருமானம் ரெகுலரா வர்ற வேலை இருக்கணும், இல்ல வட்டியோ பென்ஷனோ. ஆறு மாச செலவு கையில இல்லாம கெளம்பாதீங்க, மெடிக்கல் இன்சூரன்ஸ் இல்லாம கெளம்பவே கெளம்பாதீங்க. பேங்க்ல நாமினி போடுங்க. ஒரு நோட்டுல என்ன எங்க இருக்குன்னு எழுதி சாவி வச்சிருக்கற ஆள்கிட்ட நோட்டு எந்த அலமாரியில இருக்குன்னு மட்டும் சொல்லி வைங்க. இத எழுதும்போது அபசகுனம் மாதிரி இருந்துச்சு, எழுதி முடிச்சப்புறம் நல்லா தூக்கம் வந்துச்சு.

எனக்கு வேலையே ஒரு கடிகாரம். 11-ந் தேதி ஒரு ரிட்டர்ன், 20-ந் தேதி ஒரு ரிட்டர்ன், அதுக்கு முந்தின ரெண்டு நாளு கடைக்காரங்க எல்லாம் "மேடம் மேடம்"னு வாட்ஸ்அப்ல பில்லக் கொட்டுவாங்க. அந்த நச்சரிப்பு இல்லன்னா மாசம் போறதே தெரியாது. வேலை இல்லாதவங்க இந்த மாதிரி ஒரு கெடு வெளிய இருந்து வர்றாப்பல எதாவது வச்சுக்கோங்க, லைப்ரரி பொஸ்தகம் திருப்பிக் குடுக்கற தேதியா இருந்தாக்கூட சரி.

குரல்

ஒரு நாள் சாயந்திரம் கடையில போய் "கொத்தமல்லி ஒரு கட்டு"ன்னு சொல்ல வாயத் தெறந்தா காத்துதான் வந்துச்சு. அப்பதான் கணக்குப் போட்டேன், முந்தாநாள் ராத்திரிக்கு அப்புறம் நான் பேசவே இல்ல. அதுல ஒரு தப்பும் இல்ல, ஆனா தொண்டைக்கு பழக்கம் விட்டுப்போகும். நான் இப்ப காலைல பேப்பர சத்தமா வாசிக்கறேன், கொஞ்சம் பாடுவேன், கேக்க ஆளில்லாததால நல்லாத்தான் பாடறேன். குக்கர்கிட்ட பேசறதும் உண்டு. குக்கர் பதில் சொல்றதாத் தோணினா மட்டும் டாக்டரப் பாருங்க.

விளையாட்டுக்கு சொல்லல, அந்த எல்லை எங்கன்னு தெரிஞ்சு வச்சுக்கணும். ஜப்பான்ல ஹிகிகோமோரின்னு சொல்றாங்க, ஆறு மாசத்துக்கு மேல வேலைக்கும் போகாம படிப்புக்கும் போகாம வீட்டுக்குள்ளயே அடைஞ்சு கெடக்கறவங்கள. 2021-ல அங்க தனிமையப் பாக்கறதுக்குன்னே ஒரு மந்திரியப் போட்டாங்க. அவங்கள்ல பல பேரு அத வேணும்னு எடுத்துக்கிட்டவங்க இல்ல, வெளிய வர முடியாம மாட்டிக்கிட்டவங்க. வெளிய இருந்து பாத்தா நானும் அவங்களும் ஒண்ணுதான், கதவு சாத்தியிருக்கு. நான் எனக்கே வச்சிருக்கற கணக்கு இது: ரெண்டு நாளா குளிக்கல, போன் அடிக்கும்போது கையில வச்சுக்கிட்டே எடுக்கல, பால் பையில இருக்கறது தெரிஞ்சும் எந்திரிக்க மனசு வரல. மூணுல ரெண்டு சேந்து ஒரு வாரம் இருந்துச்சுன்னா அத ஏகாந்தம்னு சொல்லிக்கக் கூடாது. ரெண்டாவது வருஷம் மழைக்காலத்துல எனக்கு அப்படி ஆச்சு. பொட்டியக் கட்டி ஆரணிக்குப் போய் இருவது நாள் அம்மா பக்கத்துல படுத்துட்டு, ஒரு டாக்டரையும் பாத்துட்டு வந்தேன். தோத்துட்டியான்னு யாரும் கேக்கல. அந்த நேரம் போக எடமில்லாதவங்க 14416-க்கு போன் பண்ணுங்க, டெலி மானஸ்னு கவர்மென்ட் நடத்தறது, ராத்திரியிலயும் எடுப்பாங்க, தமிழ்ல பேசலாம், காசு இல்ல.

சொந்தக்காரங்க

அவங்கள சமாளிக்க ஒரே வழி, அவங்க வர்றதுக்கு முன்னாடி நீங்க போயிரணும். பொங்கலுக்கு ஆரணி, சித்தி பேத்தி காதுகுத்துக்கு ஆரணி, எல்லாத்துக்கும் மொத ஆளா போய் நின்னுட்டு மறுநாள் பஸ் ஏறிருவேன். வர்றாளேங்கறதுல கேள்வி கொறஞ்சிரும். அம்மாவுக்கு தெனம் ராத்திரி எட்டரைக்கு போன், ரெண்டு நிமிஷம், என்ன சாப்ட்டே, மழை பெஞ்சுதா, வச்சிரட்டா. "பயமா இல்லையா"ன்னு கேக்கறவங்களுக்கு "இருக்கு, அதான் பக்கத்து வீட்ல சாவி குடுத்திருக்கேன்"னு சொல்லிருங்க, அதுக்கு மேல கேக்கறதுக்கு ஒண்ணும் இருக்காது. "வயசானா என்ன பண்ணுவே"ன்னு கேப்பாங்க. எனக்கும் அது முழுசா தெரியல, அவங்களுக்கும் தெரியாது, இருந்தாலும் கேப்பாங்க.

ஆனா ஒண்ணு, திருவண்ணாமலையில வீடு எடுத்தா வருஷத்துல மூணு நாளு தனிமைங்கற பேச்சே கெடையாது. கார்த்திகை தீபத்துக்கு மலை மேல ஆறு மணிக்கு தீபம் ஏத்துவாங்க, அதப் பாக்கறதுக்கு ஊருல லாட்ஜ் எதுவும் கெடைக்காது, என் மொட்டமாடியில இருந்து மலை நல்லா தெரியும். யாரு மேலடி கோவம்னு கேட்ட சித்தி, அண்ணி, அண்ணி தங்கச்சி குடும்பம், அவங்க மாமியார், எல்லாரும் மொத நாளே வேன் பிடிச்சு வந்து எறங்கிருவாங்க. போன வருஷம் பதினேழு பேரு. ராத்திரி ஹால்ல கால் வைக்க எடமில்லாம நான் அடுப்படியில படுத்தேன், சித்தி பக்கத்துல வந்து படுத்துக்கிட்டு, "நல்ல காத்தோட்டமாத்தான்டி வச்சிருக்கே"ன்னாங்க. அதனால இங்க குடி வர்றதா இருந்தா பாய் மட்டும் ஏழெட்டு கூடுதலா வாங்கி வச்சுக்கோங்க, கோரைப்பாய்னா சுருட்டி பரண் மேல போட்டுக்கலாம், எடத்த அடைக்காது.